வட்ட இயக்கக் கலைச்சொற்கள்: மராத்தி – தமிழ் வரலாற்று ஒப்பீடு

1. முன்னுரை

சீரான வட்ட இயக்கத்தை விளக்கும் பாடம் எந்த மொழியில் எழுதப்பட்டாலும் ஒரு வாக்கியம் இன்றி அமைவதில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கில் அது 'வேகம் மாறுவதில்லை. திசைவேகம் மாறுகிறது' என அமையும். இலங்கைத் தமிழ்ப் பாடநூல் வழக்கில் 'கதி மாறுவதில்லை. வேகம் மாறுகிறது' என அமையும். புனேயில் உருவாகும் மராத்திப் பாடநூல் வழக்கில் மாறாதது 'சால்', மாறுவது 'வேக்'. மூன்றும் ஒரே இயற்பியல் உண்மையையே கூறுகின்றன. ஆயினும் 'வேகம் மாறுகிறது' என்னும் தொடரை மட்டும் தனித்து எடுத்தால், அது யாழ்ப்பாணத்தில் மெய், சென்னையில் பொய். மராத்தியின் 'வேக்' என்பதைச் சென்னை வாசகருக்காக 'வேகம்' என்றே பெயர்க்கும் மொழிபெயர்ப்பாளர், வடிவத்தில் உறவுடைய சொல்லைத் தேர்ந்து பொருளை இழந்தவராவார்.

இவ்வேறுபாடு ஒரு சொல்லோடு நிற்பதன்று. விசை, முடுக்கம், நிறை, மையநோக்கு, மையவிலக்கு என வட்ட இயக்கக் கணக்கு ஒன்றில் இடம்பெறும் சொற்கள் அனைத்தும் ஒன்றையொன்று வரையறுத்து நிற்கும் தொகுதியாகும். அத்தொகுதி ஐரோப்பாவில் எவ்வாறு பிறந்தது, மராத்தியிலும் தமிழிலும் எவ்வாறு வடிவு பெற்றது, அவ்வடிவம் மாணவரின் புரிதலை எவ்வாறு பாதிக்கிறது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. சொற்கள் பிறந்த சூழல்

வட்டத்தில் சுழலும் பொருள் வெளிநோக்கி விலக முயல்கிறது என்னும் கருத்து முதலில் தோன்றியது. அதனை உள்நோக்கி இழுக்கும் விசை பற்றிய கருத்து பின்னரே தெளிவு பெற்றது. பதினேழாம் நூற்றாண்டில் தெக்கார்த்து மையத்தினின்றும் விலகும் முயற்சி பற்றி எழுதினார். கிறித்தியான் ஐகன்சு 1659இல் இதனைக் கணித வடிவில் ஆராய்ந்தார். சுழலும் பெரிய சக்கரமொன்றில் பிணைக்கப்பட்ட மனிதன், நூலில் கட்டிய ஈயக்குண்டைப் பிடித்திருப்பதாக அவர் கற்பனை செய்தார். நூலில் அம்மனிதன் உணரும் இழுப்பே அவர் ஆய்ந்த விசை. அதற்கு அவர் இட்ட இலத்தீன் பெயர் 'மையத்தைவிட்டு ஓடும் விசை' என்னும் பொருளது. இதன் தேற்றங்கள் நிரூபணமின்றி 1673இல் வெளிவந்த ஊசற்கடிகார நூலின் இறுதியில் இடம்பெற்றன. முழு ஆய்வு அவர் மறைவுக்குப் பின் 1703இல் அச்சேறியது.

ஐகன்சின் நோக்கர் சக்கரத்தின்மேல் இருப்பவர் என்பது மொழியியல் நோக்கில் கருதத்தக்கது. வெளியே நிற்பவருக்கு அக்குண்டு எங்கும் ஓடவில்லை; நூல் அதனை இடையறாது உள்ளிழுக்கிறது. நியூட்டன் நின்றது இந்த இடத்தில். 1684இல் எழுதிய சிறு நூலிலும், 1687இல் வெளிவந்த 'பிரின்சிப்பியா'விலும் 'மையத்தை நாடும் விசை' என்னும் புதிய தொடரை அவர் ஆண்டார். ஐகன்சின் சொல்லுக்கு இணையாகவே இதனை அமைத்ததாக நியூட்டன் குறித்துள்ளார். ஓடுதல், நாடுதல் என்னும் எதிரிணை இவ்வாறு உருவாயிற்று. பிரின்சிப்பியாவின் ஐந்தாம் வரையறை இவ்விசையைப் பற்றியது. அங்குக் காட்டப்பெறும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று கவண்கல். ஆண்ட்ரு மோட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1729இல் வெளிவந்தது.

எனவே எதிரிணைபோல் தோன்றும் இரு சொற்களும் இரு வேறு நோக்குநிலைகளிலிருந்து எழுந்தவை. ஒன்று சுழல்பவர் கண்டது. மற்றொன்று வெளியிலிருந்து நோக்குபவர் கண்டது. வடிவத்தில் இணையாக இருப்பதால் இவை ஒரே மேடையில் எதிரெதிரே நிற்கும் இரு விசைகள் என்னும் மயக்கம் எளிதில் விளைகிறது. மூலமொழியிலேயே உள்ள இம்மயக்கம் மொழிபெயர்ப்பில் குறையவும் கூடும், மிகவும் கூடும்.

3. புனேயும் மராத்திச் சொல்லாக்கமும்

மராத்தியின் நவீன உரைநடைக்கும் கல்விமொழிக்கும் புனே நெடுங்காலமாகக் களமாக இருந்துள்ளது. 1821இல் அங்கு நிறுவப்பெற்ற சமற்கிருதக் கல்லூரியே பின்னர்த் தக்காணக் கல்லூரியாயிற்று. மோல்சுவர்த்தின் மராத்தி – ஆங்கில அகராதி 1831இலும் அதன் இரண்டாம் பதிப்பு 1857இலும் வெளிவந்தன. அவருடன் உழைத்த தாமசு காண்டி புனேயில் கல்விப்பணி ஆற்றியவர். மாநில உருவாக்கத்திற்குப் பின் 1966இல் இடைநிலை, மேல்நிலைக் கல்வி வாரியமும், 1967இல் 'பாலபாரதி' எனப்படும் பாடநூல் நிறுவனமும் புனேயை இடமாகக் கொண்டு செயற்படத் தொடங்கின. இதனால் மராத்தி மாணவர் ஒருவர் 'விசை' என்பதற்கு எச்சொல்லைப் பயில்வார் என்னும் முடிவு பெரும்பாலும் இந்நகரில் எடுக்கப்படுவதாயிற்று.

பாலபாரதியின் 10ஆம் வகுப்பு அறிவியல் நூல் (2018) ஈர்ப்பியல் பற்றிய முதல் இயலிலேயே வட்ட இயக்கத்தை அறிமுகம் செய்கிறது. கயிற்றில் கட்டிய கல்லைச் சுழற்றும் செய்முறை அங்கு இடம்பெறுகிறது. மையநோக்கு விசைக்கு அந்நூல் வழங்கும் சொல் 'அபிகேந்திரீ பல'. இதன் எதிரிணை 'அபகேந்திரீ பல'. 'அபி' என்பது நோக்கி. 'அப' என்பது விட்டு நீங்கி. இவ்விரு முன்னொட்டுகளும் திசையை மட்டுமே சுட்டுகின்றன. ஓடுதல், நாடுதல் என்னும் வினைகள் இவ்வாக்கத்தில் கைவிடப்பட்டுள்ளன. இந்தியிலும் இதே முன்னொட்டு முறையே வழங்குகிறது.

'கேந்திரம்' என்னும் அடிச்சொல்லின் வரலாறும் நோக்கத்தக்கது. கூரிய முனை, கவராயத்தின் நிலைத்த முனை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லே இலத்தீனத்திற்கும் பழைய வானியல் வழியாகச் சமற்கிருதத்திற்கும் மையத்தைக் குறிக்கும் சொல்லைத் தந்தது. ஆகவே புனேயின் 'கேந்திர'மும் நியூட்டனின் இலத்தீனச் சொல்லும் ஒரே வேரிலிருந்து இருவழியாகப் பிரிந்து, ஒரே கலைச்சொல்லில் மீண்டும் சந்தித்தவை எனலாம்.

மராத்தியிலும் ஒரே மரபுதான் உண்டு என்பதற்கில்லை. வாயியை மையமாகக் கொண்டு உருவான மராத்தி விசுவகோசத்தில் விசைக்குப் 'பிரேரணா' என்னும் சொல்லும், மையவிலக்கு விசைக்குக் 'கேந்திரோத்சாரீ பிரேரணா' என்னும் தொடரும் ஆளப்பட்டுள்ளன. இதன் வினையடி வெளியே செல்லுதல், வெளியே செலுத்துதல் ஆகிய இரு பொருளுக்கும் இடந்தருவது. பாடநூலின் முன்னொட்டு வடிவம் இந்த இரட்டுறலைத் தவிர்த்துவிட்டது.

4. தமிழில் இரு மரபுகள்

தமிழில் அறிவியற் கலைச்சொல் முயற்சி அமைப்பு வடிவம் பெற்ற தொடக்க நிகழ்ச்சிகளுள் ஒன்று, 1916இல் சேலத்தில் இராசகோபாலாச்சாரியாரும் வெங்கடசுப்பையரும் முன்னின்று தொடங்கிய சங்கமாகும். 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொல் தொகுதியை வெளியிட்டது. வடமொழிச் சொற்களைக் கொள்வதா, தமிழ் அடிகளிலிருந்து ஆக்குவதா என்னும் வழக்கு, 1940களின் தொடக்கத்தில் சீனிவாச சாத்திரியார் தலைமையிலான அரசுக் குழுவை ஒட்டிப் பெரிதாக எழுந்தது. பிற்காலப் பாடநூல்களில் தமிழ் அடிகளே பெரிதும் நிலைபெற்றன.

இலங்கையில் 1950களில் அரசகரும மொழித் துறை வழியாகப் பாடவாரியான சொற்றொகுதிகள் தமிழில் வெளிவந்தன. இரு நாடுகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே நோக்குடன், தனித்தனியே இயங்கியதன் விளைவு வட்ட இயக்கப் பாடத்தில் வெளிப்படையாகத் தெரிகிறது. தமிழ்நாட்டின் 'மையநோக்கு விசை' இலங்கையில் 'மையநாட்ட விசை'. 'மையவிலக்கு விசை' அங்கு 'மையநீக்க விசை'. 'முடுக்கம்' அங்கு 'ஆர்முடுகல்'. இவை வடிவத்தில் வேறுபடுவதால் வாசகர் எச்சரிக்கை அடைகிறார், தீங்கு குறைவு.

தீங்கு மிகுவது வடிவம் ஒன்றாய்ப் பொருள் வேறான சொற்களால். தமிழ்நாட்டில் 'நிறை' என்பது பொருளின் அளவைக் குறிக்கும். புவி அதனை ஈர்க்கும் விசை 'எடை'. இலங்கையில் முன்னது 'திணிவு', பின்னதே 'நிறை'. வட்ட இயக்கத்தில் விசையின் அளவு, பொருளின் நிறையை வேகத்தின் இருமடியால் பெருக்கி ஆரத்தால் வகுத்துப் பெறப்படுகிறது என்று தமிழ்நாட்டு நூல் கூறும். இவ்வாக்கியத்தை இலங்கை மாணவர் தம் வழக்கின்படி வாசித்தால் நிறையின் இடத்தில் எடையை இட்டு, விடையை ஏறத்தாழப் பத்து மடங்கு மிகுத்துப் பெறுவார்.

வடமொழி வழிவந்த சொற்களும் இவ்வாறே இடம் பெயர்ந்துள்ளன. 'கதி' மராத்தியில் இயக்கம். இலங்கைத் தமிழில் திசை கருதாத வேகம். 'வேக' மராத்தியிலும் இலங்கையிலும் திசையோடு கூடியது. தமிழ்நாட்டில் திசை கருதாதது. சொல் பொதுவாய் இருப்பது பொருள் பொதுவாய் இருப்பதற்குச் சான்றாகாது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது.

5. வினையடிகள் உணர்த்துவன

மராத்தி முன்னொட்டால் உணர்த்திய திசையைத் தமிழ் வினையால் உணர்த்தியது. தமிழ்ச் சொல்லமைப்பில் 'அபி', 'அப' போன்ற முன்னொட்டுகள் இல்லாமை இதற்கு ஒரு காரணம். வினை வந்தவுடன் திசையோடு தன்வினை, பிறவினைப் பாகுபாடும் உடன் வருகிறது. அதன் விளைவு ஆழமானது.

'மையநோக்கு' என்பதிலுள்ள 'நோக்கு' காட்சி பற்றிய வினை. நோக்குவதால் நோக்கப்படும் பொருளில் மாற்றம் எதுவும் நிகழ்வதில்லை. இலங்கை வழக்கின் 'நாட்டம்' நாடுதலைக் குறிக்கும்; அதற்குக் கண், பார்வை என்னும் பொருள்களும் உண்டு. இரு மரபுகளும் தம்மை அறியாமலே காட்சிப் பொருண்மையில் வந்து சேர்ந்துள்ளன. இதற்கு எதிராக 'மையவிலக்கு' என்பதிலுள்ள 'விலக்கு' பிறவினை. விலகுவது பொருள், விலக்குவது அதனைச் செய்விக்கும் ஆற்றல். ஐகன்சின் சொல்லில் ஓடுவது தன்வினையாக இருந்தது. தமிழில் அது பிறரை ஓட்டுவதாக வலுப்பெற்றுவிட்டது. சில நூல்களில் காணப்படும் 'மையவிலகு விசை' என்னும் வடிவம் மூலத்திற்கு அணுக்கமானது. இலங்கையின் 'நீக்கம்' இரண்டுக்கும் பொதுவானது. 'ஏங்கு – ஏக்கம்', 'வீங்கு – வீக்கம்' என்பனபோல 'நீங்கு' என்னும் தன்வினையிலிருந்தும், 'நீக்கு' என்னும் பிறவினையிலிருந்தும் அதனைப் பெறலாம்.

இதனால் தமிழ்நாட்டு மாணவரின் முன் நிற்கும் இணை சமனற்றது. நிலைமக் குறிப்பாயத்தில் உண்மையாகச் செயற்படும் விசைக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் வினை. சுழலும் குறிப்பாயத்தில் கணக்கை ஒழுங்குபடுத்தச் சேர்க்கப்படும் போலி விசைக்குச் செயலாற்றும் வினை. வலிமை எதற்கு உண்டு என்று சொல்லை மட்டும் கேட்டு முடிவு செய்பவர் தவறான பக்கமே சாய்வார்.

'முடுக்கம்' என்பதும் இவ்வாறு ஆராயத்தக்கது. 'முடுகு' விரைதல், 'முடுக்கு' விரையச் செய்தல். 'பெருக்கம்' போல 'முடுக்கம்' இரண்டிலிருந்தும் பிறக்கலாம். இலங்கையின் 'முடுகல்' ஐயத்திற்கிடமின்றித் தன்வினை. தொல்காப்பியம் கூறும் வண்ணங்களுள் ஒன்று முடுகு வண்ணம். ஆகவே விரைவுப் பொருளில் இவ்வடி தமிழுக்குப் பழையது. மராத்தியின் 'த்வரண' என்பதும் விரைதற் பொருளுடைய அடியிலிருந்தே வந்தது. ஆனால் சீரான வட்ட இயக்கத்தில் எதுவும் விரைவதில்லை. திசை மட்டுமே மாறுகிறது. மும்மொழி வழக்குகளும் ஒரே இடர்ப்பாட்டை எதிர்கொள்கின்றன. 'ஆர்முடுகல்', 'அமர்முடுகல்' எனக் கூடுதலையும் குறைதலையும் அழகாக வேறுபடுத்தும் இலங்கை இணை, இரண்டும் அல்லாத இந்நிலையில் மிகுதியாக இடர்ப்படுகிறது.

6. கணக்கின் தொடரமைப்பு

சொற்பிழையைத் தொடர் திருத்தவும் கூடும். ஒரு கணக்கைக் கொள்வோம். 1000 கிலோகிராம் நிறையுள்ள கார், 50 மீட்டர் ஆரமுள்ள சமதள வளைவில் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் திரும்புகிறது. வேகத்தின் இருமடியாகிய 100ஐ ஆரமாகிய 50ஆல் வகுக்க, மையநோக்கு முடுக்கம் நொடியின் இருமடிக்கு 2 மீட்டர். தேவைப்படும் விசை 2000 நியூட்டன். அதனைத் தருவது டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு.

இங்கு 'காரின்மீது உராய்வு விசையும் மையநோக்கு விசையும் செயற்படுகின்றன' என்று எழுதினால், ஒரே விசை இருமுறை எண்ணப்பட்டு 4000 நியூட்டன் ஆகிவிடும். 'உராய்வும் மையவிலக்கு விசையும் சமன் செய்கின்றன' என்று சாலையோரம் நிற்பவர் நோக்கில் எழுதினால் நிகர விசை சுழியாகும்; முடுக்கமும் சுழியாகும்; கார் வளையாமல் நேரே சென்றாக வேண்டும். இரண்டாவது பிழை மாணவர் விடைகளில் மட்டுமன்றி மக்கள் அறிவியல் எழுத்திலும் காணப்படுவது.

ஆங்கில மூலம் உராய்வு இவ்விசையை 'வழங்குகிறது' என்னும் வினையை ஆளும். அதனை அப்படியே தமிழாக்கினால் வழங்குவது ஒன்று, வழங்கப்படுவது வேறொன்று என்று பொருள்படும். 'உராய்வு விசை மையநோக்கு விசையாக அமைகிறது' என்பதே தமிழுக்கு இயல்பானது. 'ஆக' என்னும் ஈறு இங்குப் பொருளைக் குறியாது அப்பொருள் ஏற்கும் பணியைக் குறிக்கிறது. மராத்தியில் இவ்விடத்தில் 'ம்ஹணூன்' என்னும் சொல் வரக்கூடும். 'என்று சொல்லி' என்பது அதன் அடிப்பொருள். கூற்றைச் சுட்டும் சொல் இத்தகைய பணிகளையும் ஏற்பது திராவிட மொழிகளின் 'என' என்பதோடு ஒப்பிடப்படும் பண்பாகும். ஆகவே இருமொழிகளும் இக்கருத்தை வெளியிடத் தத்தம் இலக்கணத்திலேயே உரிய கருவியைப் பெற்றுள்ளன.

பாலபாரதியின் 12ஆம் வகுப்பு இயற்பியல் நூல் (2020) ஆங்கிலத்தில் பயிலப்படுவது. அதன் முதல் இயலில் மரணக் கிணறு பற்றிய கணக்கு உண்டு. செங்குத்தான உருளைச் சுவரில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரைச் சுவரின் எதிர்விசை உள்நோக்கித் தள்ளுகிறது. எடையை உராய்வு தாங்குகிறது. ஆரம் 5 மீட்டர், உராய்வுக் குணகம் 0.5, புவியீர்ப்பு முடுக்கம் 10 எனக் கொண்டால் குறைந்த அளவு வேகம் நொடிக்கு 10 மீட்டர், அஃதாவது மணிக்கு 36 கிலோமீட்டர். காரில் உராய்வு ஏற்ற பணியை இங்குச் சுவரின் எதிர்விசை ஏற்கிறது; உராய்வு வேறு பணிக்குச் சென்றுவிட்டது. இவ்விரு கணக்குகளையும் அடுத்தடுத்து வைத்தால், மையநோக்கு விசை என்பது விசையின் வகையன்று, அது வகிக்கும் பதவி என்பது விளங்கும். ஒருவரையே மகனாகவும் தந்தையாகவும் சுட்டும் உறவுப்பெயர்களைப் போன்றது அது.

7. போலி விசையின் இடம்

மையவிலக்கு விசை என்னும் சொல்லையே விலக்கிவிடலாம் என்னும் கருத்து சிலரிடம் உண்டு. அது ஏற்புடையதன்று. புனேயில் 1988இல் நிறுவப்பெற்ற பல்கலைக்கழகங்களுக்கிடையேயான வானியல், வானியற்பியல் மையத்தின் சிறுவர் அறிவியல் மையத்தில் அரவிந்த் குப்தா பல்லாண்டுகள் பணியாற்றி, எளிய பொருள்களாலான அறிவியல் பொம்மைகளைப் பரப்பினார். அவற்றுள் ஒன்று, உறிஞ்சுகுழலை முக்கோணமாக மடித்து, முனையை நீரில் வைத்துச் சுழற்றும் தெளிப்பான். சுழலும்போது நீர் மேலேறி வெளியே சிதறுகிறது. குழலோடு சுழல்வதாகக் கருதிப் பார்ப்பவருக்கு நீரை வெளிநோக்கித் தள்ளும் விசை தேவை. அதற்கு 'மையவிலக்கு' பொருத்தமான பெயரே. வெளியே நிற்பவருக்கோ, வட்டத்தில் நிறுத்தப் போதிய உள்விசை கிடைக்காத நீர் விலகிச் செல்கிறது, அவ்வளவே. பாலிலிருந்து பாலேடு பிரிக்கும் எந்திரத்திற்கும் துணி உலர்த்தும் எந்திரத்திற்கும் இரு விளக்கங்களும் பொருந்தும். ஒரே விளக்கத்தில் இரண்டையும் கலத்தல் மட்டுமே பொருந்தாது.

8. முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் மொழிபெயர்ப்பாளர்க்குரிய மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, வேகம், நிறை, கதி போன்ற சொற்களைத் தனித்தனியே அன்றி அவற்றின் எதிரிணைகளோடு சேர்த்தே எடுத்தாள வேண்டும். எந்த மரபின் தொகுதி ஆளப்படுகிறது என்பதை நூலின் தொடக்கத்திலேயே குறித்தல் நன்று. இரண்டாவது, மையநோக்கு விசை 'செயற்படுகிறது' என்னும் தொடரைத் தவிர்த்து, இன்ன விசை மையநோக்கு விசையாக 'அமைகிறது' என்றே எழுத வேண்டும். மூன்றாவது, மையவிலக்கு விசை வருமிடத்தில் சுழலும் குறிப்பாயம் என்னும் சொல் அதற்கு முன்னரே வந்திருக்க வேண்டும்.

வேரூன்றிய கலைச்சொற்களை இனி மாற்றுவது எளிதன்று, தேவையும் அன்று. மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் சக்கரத்தின்மேல் இருந்தவரும் வெளியே நின்றவரும் கண்ட வேறுபட்ட காட்சிகள் ஒரே இணைச்சொல்லாகி, புனே வழியாகவும் சென்னை, கொழும்பு வழியாகவும் வகுப்பறைக்கு வந்து சேர்ந்துள்ளன. எவர் எங்கு நின்று கண்டார் என்பதைச் சொல் மறந்துவிட்டது. அதனை நினைவூட்டும் பொறுப்பு வாக்கியத்திற்கும், வாக்கியத்தை அமைக்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரியது.